ஓடும் என்றார்

"நாளைக்கு வாங்க" என்று சொல்லாத மெக்கானிக்கை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்பது நாள் ஆகும் என்றால் ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் போனால் வண்டி துடைத்து வெளியே நிற்கும். எட்டாம் நாளே போய் எட்டிப் பார்த்தால் திட்டு விழும். மணலூர்பேட்டையிலிருந்து மூங்கில்துறைப்பட்டு போகிற சாலையில் அவர் பட்டறை இருந்தது. அரவை நடக்கிற மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அந்த வழியாக ஓயாமல் போகும். எதுவாவது ஒன்று அவர் வாசலில் படுத்துக்கிடக்கும்.

அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் அவருக்காகப் பரிந்துகொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சண்டைக்குப் போனவள்தான். அவரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "அந்த ஆளு வாயில பொய் வராது, தெரிஞ்சிக்கினு பேசு" என்று பஸ்ஸிலேயே ஒருவரிடம் கத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த எரிச்சலுக்கே காரணம்.

அவரிடம் கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கட்டை விரலில் தொடங்கிச் சுண்டு விரலில் முடிப்பார். பிறகு அடுத்த கை. பத்தும் முடிந்த பிறகுதான் வாய் திறக்கும். கேட்டவர் அதற்குள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பார். "நல்ல வேளைண்ணா, கைக்கு ஆறு வெரலா பொறக்காம போனீங்க" என்று நான் கேலி செய்வேன். சிரிக்க மாட்டார். ஆனால் அடுத்த கையை இன்னும் மெதுவாகத் துடைப்பார்.

ஒரு பொருளைக் காட்டி எப்படி என்று கேட்டால் அவரிடம் மூன்று பதில்தான் உண்டு. "உழைக்கும்." "ஓடும்." "தூக்கிப் போடு." உழைக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், உங்கள் பிள்ளை காலத்துக்கும் நிற்கும். தூக்கிப் போடு என்றால் விளக்கம் வேண்டியதில்லை. இடையில் இருக்கிற ஓடும் என்பதுதான் வம்பு. எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பழைய ஆயில் இன்ஜினைக் கொண்டுவந்து காட்டினார். இவர் பத்து விரலையும் துடைத்துவிட்டு "ஓடும்" என்றார். "எத்தினி நாளைக்கு?" என்று அவர் கேட்டார். "ஓடற வரைக்கும்" என்று பதில் வந்தது.

இந்த மூன்று சொல்லும் ஊரெல்லாம் பரவிவிட்டது. புது மருமகள், புது செருப்பு, புது வாத்தியார் என்று எதற்கும் இதில் ஒன்றைச் சொல்லிச் சிரிப்போம். ஒரு தடவை அது விளையாட்டாகவே இல்லை. பட்டறையில் டிராக்டர் விடுகிற டிரைவர் ஒருவருக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா விசாரிக்க வந்தவர், நேராக இவரிடமே வந்து, "புள்ள எப்படிங்க?" என்று கேட்டுவிட்டார். துணி எடுத்தார், துடைத்தார், "ஓடுவான்" என்றார். கல்யாணம் நின்றுபோனது. அந்த டிரைவர் அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தப் பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஏன்யா இப்படிச் செய்தாய் என்று எல்லோரும் இவரைக் கேட்டார்கள். "அவரு கேட்டாரு" என்றார். அவ்வளவுதான்.

பைக் விஷயத்திலும் அப்படியே. சங்கராபுரத்துக்காரர் ஒருவர் தன் பைக்கை விற்க வந்தார். வாங்குகிறவரையும் கூடவே கூட்டி வந்து, இவரைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். நான் அப்போது மரம் வெட்டுகிற மோட்டார் ரம்பத்தைச் சரி செய்ய வந்து அங்கே நின்றிருந்தேன். இவர் முன் சக்கரத்தை இரண்டு தடவை சுற்றிவிட்டார். "கீழ வுழுந்த வண்டி. ஃபோர்க்கு வளைஞ்சிக்கினு கீது. வாங்காத" என்றார். விற்க வந்தவர் குதித்தார். "உனுக்கு இன்னாய்யா போச்சு?" என்றார். இவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்று நான் நினைத்தேன். அந்த பைக் அதற்கு முன்னால் ஒரு நாளும் இவர் பட்டறைக்கு வந்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அது எவ்வளவு முக்கியம் என்று தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

ஆனால் அவரை நான் நம்பத் தொடங்கியது பைக்கால் இல்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலை மரம் ஏறி வெட்டுகிறவர். ஒரு வேப்பமரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். மூணு மாசத்தில் எழுந்துவிடுவான், தையில் மரம் ஏறிவிடுவான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஏழுமலை யாரையும் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்றிருந்த இவரைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லுண்ணா" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஏது வேஸ்ட் துணி. வேட்டி முனையில் விரல்களைத் துடைத்தார்.

"ஏற மாட்ட ஏழுமலை. கீழ நின்னு செய்யற வேலையா பாரு."

கையில் இருந்த டம்ளரை அவர் மேல் வீசலாம் போல இருந்தது எனக்கு. என் மாமியார் வீசியே இருப்பார், கையில் ஒன்றும் இல்லாததால் வாயால் திட்டினார். ஆனால் மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்த ஏழுமலை அன்று மத்தியானம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்த வாரமே நான் அவருடைய செல்போனை எடுத்துக்கொண்டேன். மரம் வெட்டக் கேட்டு வருகிற போன் எல்லாம் எனக்கு வந்தது. போய் மரத்தைப் பார்ப்பது, எந்தப் பக்கம் சாயும் என்று கணிப்பது, கயிறு எங்கே கட்டுவது என்பதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஏறி வெட்டக் காசி என்று ஒருவன் கிடைத்தான். அணில் மாதிரி ஏறுவான். ஏழுமலை கீழே நின்று கயிறு பிடித்தார். மூன்றே பேர், ஒரு ரம்பம். திருக்கோவிலூர் வரைக்கும் எனக்கு "மரம் வெட்டற அக்கா" என்று பெயர் வந்தது. அந்தத் தொழிலில்தான் இரண்டு குடும்பமும் சாப்பிட்டன.

அதனால் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டபோது எனக்கு அது வெறும் வார்த்தையாகப் படவில்லை. எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு ஒரு தூக்கில் பொங்கல் போகும். ரம்பத்துக்குச் செயின் வாங்குவதென்றால்கூட அவரைக் கேட்காமல் வாங்க மாட்டேன்.

மரம் வெட்டுகிற தொழிலில் ஒரு தலைவலி உண்டு. மரத்தை வெட்டி இறக்கிக் கிளைகளை அள்ளிக்கொண்டு போனாலும், தரையில் அடிக்கட்டை நிற்கும். வீட்டுக்காரர்கள் அதைக் காலால் தட்டிக் காட்டுவார்கள். "இத யாரு எடுப்பா?" ஜேசிபி வைத்துத் தோண்டினால் கட்டை வரும், கூடவே காம்பவுண்டு சுவரும் வரும். திருக்கோவிலூரில் ஒரு வாத்தியார் வீட்டில் செப்டிக் டேங்கே வந்துவிட்டது. சில பேர் கட்டை மேல் உப்பைக் கொட்டினார்கள், சிலர் டயர் போட்டுக் கொளுத்தினார்கள். வேப்பங்கட்டை இரண்டு மழையில் திரும்பத் துளிர்த்து, வெட்டிய என்னையே கேலி செய்யும். தென்னங்கட்டை மக்கி அதில் வண்டு முட்டையிடும். அப்புறம் பக்கத்தில் இருக்கிற நல்ல மரத்துக்கும் கேடு.

காசிதான் தன் போனில் அந்த மிஷினைக் காட்டினான். பல் பதித்த ஒரு சக்கரம் சுழன்று, தேங்காய் துருவுகிற மாதிரி கட்டையைத் துருவித் தூளாக்கிக்கொண்டே மண்ணுக்குள் இறங்கியது. சுவர் பக்கத்திலேயே இருந்தது, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதை நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து அதே நினைப்புதான்.

எந்த மிஷின் வாங்குவது என்பதில் எங்கள் வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டுவது ஒரு வகை. "நம்ம பக்கம் டிராக்டருக்கா பஞ்சம்? அதயே வாங்குவோம்" என்றார் ஏழுமலை. நான் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, கடைசியாக நாங்கள் வேலை பார்த்த பன்னிரண்டு வீடுகளுக்கும் போய் கேட்டை அளந்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு வீட்டைத் தவிர எதிலும் மூன்றரை அடிக்கு மேல் வழி இல்லை. டிராக்டர் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். கட்டை இருப்பதோ கொல்லையில். கையால் தள்ளிக்கொண்டு போகிற சின்ன வகைதான் நமக்கு என்று முடிவு செய்து, பட்டறைக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

துடைத்து முடித்தார். "கேட்ட அளந்தியா?" என்றார்.

"அளந்தேண்ணா."

"ஆம்பளைங்க இன்ஜின் எத்தினி எச்.பி.ன்னு கேட்டுக்கினு வருவானுங்க. கேட்ட ஒருத்தனும் அளக்க மாட்டான். நீ பொழச்சிக்குவ தங்கச்சி."

அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசில்லை. வீடு வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சின்ன வகையிலும் இரண்டு இருந்தது. கோயம்புத்தூரில் புதிதாகக் கிடைத்தது, ஆனால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஒரு கான்ட்ராக்டர் வாங்கி ஒரு வருஷம் ஓட்டிய மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. அவர் ரோடு போடுகிற வேலைக்கு மாறிவிட்டார், இனி இது வேண்டாம் என்றார். விலை பாதி. எனக்குக் காத்திருக்க நேரம் இல்லை. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒருவர் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். சரிவில், சுவரை ஒட்டி ஒன்பது கட்டைகள். ஜேசிபி போனால் சரிவே இறங்கிவிடும். "மழைக்கு முன்னாடி மிஷினோட வந்தீங்கன்னா வேல உங்களுக்கு. மேல இன்னும் நாலு இடத்துல கட்டறாங்க, நானே சொல்லி வுடறேன். இல்லன்னா சேலத்துலருந்து ஆள கூப்ட்டுக்கறேன்" என்றார். அந்த வேலை கிடைத்தால் நாங்கள் தலையெடுத்துவிடுவோம். கை நழுவினால் மறுபடியும் முருங்கை மரம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"ண்ணா, கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்து ஒரு பார்வை பாத்துடுங்க" என்றேன்.

வந்தார். இதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும், சரி. வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஏழுமலையோடு உட்கார்ந்து வந்தார்.

கான்ட்ராக்டர் அவரைப் பார்த்து "வாங்க வாங்க" என்றார். அவரைத் தெரியாதவர்கள் யார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மிஷின் அவருடைய தகரச் செட்டில் நின்றது. புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்து மினுமினுவென்று இருந்தது. இவர் குந்தி உட்கார்ந்தார். கயிற்றை இழுத்தார், முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

"எப்படிண்ணா?" என்றேன்.

அன்று அவர் கையில் அழுக்கே இல்லை. இருந்தாலும் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். பத்து விரலும் முடிய எனக்கு ஒரு யுகம் போல இருந்தது.

"ஓடும்" என்றார்.

அவருடைய மூன்று சொல்லையும் தெரிந்து வைத்திருந்தவள் நான். ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்னவள். அன்று அவர் ஓடும் என்றதும் என் காதில் உழைக்கும் என்றே விழுந்தது. விழவில்லை, நான்தான் மாற்றிப் போட்டுக்கொண்டேன். மலைமேல் ஒன்பது கட்டையும் அப்போதே என் கண்ணுக்குத் தூளாகிவிட்டிருந்தது.

"வாங்கிடட்டுமாண்ணா?"

"அது உன் இஷ்டம்."

அதையும் அவர் எல்லோரிடமும் சொல்வார். மிஷினை அன்றே ஏற்றிக்கொண்டு வந்தோம்.

முதல் மூன்று வாரம் அது வேலை செய்த அழகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தென்னங்கட்டைகள்தான் எல்லாம். நார், அதனால் வழுக்கிக்கொண்டு போனது. நான் ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் வாங்கவில்லை. "எனுக்கு எதுக்கு? எடுத்துக்கினு போ" என்று டப்பாவைத் திருப்பித் தள்ளினார். பாருங்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷன் என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு வந்து, அந்த ஸ்வீட்டை நாங்களே தின்றோம்.

மழைக்கு முன்னால் மலை ஏறினோம். ஒரு குட்டியானை வண்டியில் மிஷினைக் கட்டி ஏற்றி, வளைவுக்கு வளைவு கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். முதல் இரண்டும் பலாக்கட்டை, ஒழுங்காகப் போனது. மூன்றாவது புளி. புளிய மரத்தின் அடிக்கட்டை எப்படி இருக்கும் என்று வெட்டியவர்களுக்குத் தெரியும். கல்லில் பாதி. காசி மிஷினைப் பிடித்திருந்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சத்தம் மாறியது. நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். அதற்குள் உள்ளே ஏதோ விண்டுபோய், சக்கரம் சாய்ந்து மறைப்புத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதிலிருந்து தெறித்த இரும்புத் துண்டு காசியின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

மிஷினை ஏற்றி வந்த அதே வண்டியில் அவனைப் படுக்க வைத்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். அவன் தலையை நான் மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் என் கையை நெரித்தான். "அக்கா, இனி ஏற முடியுமா?" என்று கேட்டான். ஏறலாம்டா, மூணு மாசத்துல ஏறிடலாம் என்றேன். அன்று எனக்கு வாய் நிறையப் பொய் வந்தது. வெள்ளிமலை வேலை சேலத்து ஆளுக்குப் போனது என்று அடுத்த வாரம் தெரிந்தது. அப்போது அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

மிஷினைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இறக்கினோம். வேறு எங்கே கொண்டுபோவேன்? எனக்குக் கோபம் எல்லாம் அந்தக் கான்ட்ராக்டர் மேல்தான். அவரைத் திட்டிக்கொண்டே நின்றேன். இவர் நட்டுகளைக் கழற்றினார். சக்கரத்தின் அச்சைத் தாங்குகிற வார்ப்பிரும்புக் கூடு இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்த இடத்தில் ஒரு பாதி வெள்ளையாக, புதிதாக உடைந்ததாக இருந்தது. மறு பாதியில் கறுப்பாக ஒரு தழும்பு ஓடியது. எனக்கே தெரிந்தது.

"இது முன்னாடியே ஒடஞ்சிதாண்ணா?"

"ஆமா."

"வெல்டிங் வச்சி, மேல பெயிண்ட் அடிச்சிக்கீறானா?"

"ஆமா."

"எவன்ணா இத வெல்டிங் வச்சது?"

என் வாயில் அடுத்த வசவு தயாராக இருந்தது. அவர் துணியை எடுத்தார். அந்தப் பத்து விரலும் முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும், கடவுளே, இந்த ஒரு தடவை இந்த ஆள் பொய் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரோ என்று சொன்னால் போதும், நான் நம்பிவிடுவேன். நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"நான்தான்" என்றார். "ரெண்டு மாசம் முன்னாடி."

ஏழுமலை பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிக்கினுதான் எங்கூட பஸ்ல வந்தீங்களா?"

"நீ கூப்ட்ட. வந்தேன்."

"எப்படின்னு கேட்டனே!"

"ஓடும்னேன். ஓடிச்சி இல்ல?"

"சக்கரத்துல ஒட்டுப்போட்டுக் கீதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாண்ணா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஒருநாளும் உயர்த்தியதில்லை. "எங்கையில வந்த பொருள பத்தி நான் வெளிய பேச மாட்டேன் தங்கச்சி. ஒருத்தன் வண்டில இன்னா ஒடஞ்சிச்சின்னு இன்னொருத்தன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் எவன் எங்கிட்ட வண்டி வுடுவான்? பைக்குக்காரன் வண்டி எங்கையில வந்ததில்ல, சொன்னேன். இது வந்துச்சி, சொல்லல."

"இது எனுக்கு எப்படித் தெரியும்?"

"உன் பழைய ரம்பத்த வித்தியே, வாங்கனவன் எங்கிட்ட வந்து கேட்டான். பிஸ்டன் கீறிக்கினு இருந்தது எனுக்கும் தெரியும், உனுக்கும் தெரியும். நான் இன்னா சொன்னேன்?"

ஓடும் என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாங்கியவர் தலையாட்டிவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனார். நம் அண்ணன் நம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று எனக்கு அன்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ரம்பம் நின்றுபோனால் மரம்தான் நிற்கும். இது ஒருத்தன் காலை முறித்தது. அது வேறு, இது வேறு என்று அன்றும் கத்தினேன், இன்றும் சொல்வேன். புளியங்கட்டையில் வைத்தால் அந்த ஒட்டு தாங்காது என்று அவருக்குத் தெரியாதா? அதையும் கேட்டேன். "தென்னைக்கு தாங்கும். புளிக்குத் தாங்காது. நீ எந்த மரத்துக்குன்னு சொல்லல" என்றார். அதுவும் நிஜம். வெள்ளிமலையில் என்ன மரம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

ஊரில் எல்லோரும் அவர் பக்கம்தான் பேசினார்கள். அவர் பொய் சொல்லலியே, நீதானே சரியாகக் கேக்கல என்றார்கள். டீக்கடையில், ரேஷன் கடையில், ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில்கூட ஒருத்தி என்னை நிறுத்தி இதைச் சொன்னாள். வெளி ஆட்கள் சொன்னால் பரவாயில்லை. ஒரு நாள் ஏழுமலையே சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அவரு தொழில் தர்மம் அது. நாம கேட்ட வெதம் தப்பு." அன்று அவருக்கு இரண்டாம் முறை சோறு போட நான் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். லேத்தில் கொடுத்துக் கெட்டி இரும்பில் புதுக் கூடு கடைந்து கொண்டு வந்திருந்தார். எங்கள் வாசலில் சாக்கை விரித்துப்போட்டு இரண்டு நாள் வேலை செய்தார். காசு பேச்சே எடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சோறும் சாப்பிடவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் குடித்தார். ஏழுமலை ஒன்றுமே நடக்காதது மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, கரும்பு விலையைப் பற்றி அவரோடு பேசினார். அன்று காசியையும் அவன் மனைவி எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தாள். காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றி நடக்கிற கொம்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி ஏற முடியாது என்று டாக்டர் அவனிடம் சொல்லியாகிவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் மிஷின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"வந்து பாரு தங்கச்சி" என்று குரல் கொடுத்தார்.

கையில் மாவோடு வெளியே வந்தேன். மிஷினை நான் பார்க்கவில்லை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சரியா கேட்டா சொல்லுவீங்க இல்ல?"

"கேளு."

"நான் உங்க கூடப் பொறந்தவளா இருந்து, அன்னிக்கி அந்தச் செட்டுல அந்த மிஷின வாங்கறதுக்கு நின்னுக்கினு இருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

"இன்னாடி கேள்வி இது, உள்ள போ" என்றார் ஏழுமலை.

அவர் ஏழுமலையைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருப்பேன்" என்றார்.

பதினோரு வருஷம் என்னை எதற்காகத் தங்கச்சி என்று கூப்பிட்டார் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்.